சைட்டேஷன் எண்ணிக்கையும் ஒரு ஐந்து வாக்கியக் கடிதமும்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ ஒண்ணு எடுத்துக்கிட்டு உக்காருங்க.

போன வாரம் ஓபியில் ஒரு தம்பி அவங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தார். அப்பாவுக்குப் பத்து வருஷமா சர்க்கரை. மெட்ஃபார்மினை நிறுத்திட்டு ஒரு மூலிகை கேப்சூலுக்கு மாறலாமா என்பது கேள்வி. நான் வாயைத் திறக்கும் முன்பே போனை நீட்டினார். "சார், இது வாட்ஸ்அப் ஃபார்வர்டு இல்ல. ஆராய்ச்சிக் கட்டுரை. நானூறு சைட்டேஷன் இருக்கு, பாருங்க."

வெளியே வராண்டா முழுக்க கூட்டம். "தம்பி, மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. வியாழக்கிழமை மதியம் வாங்க, சேர்ந்து படிப்போம்" என்று அனுப்பி வைத்தேன்.

ஆனா அந்த "நானூறு" மனசில் நின்னுடுச்சு. வருஷா வருஷம் "உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் நம்ம ஊர்ப் பேராசிரியர்" என்று செய்தி வருதே, அதுவும் இதே சைட்டேஷன் கணக்குதான். இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது, எதுக்காக வந்தது? பதில் ரொம்ப சுவாரசியமானது. கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

முதலில் ஒரு விளக்கம். ஆய்வுக் கட்டுரை எழுதுபவர், "இந்த விஷயத்தை இன்னார், இந்த வருஷம், இந்த ஆய்விதழில் சொல்லியிருக்கிறார்" என்று முந்தைய கட்டுரைகளைக் காட்டி, கடைசியில் பட்டியல் போடுவார். அப்படி ஒரு கட்டுரை இன்னொன்றில் சுட்டப்படுவதுதான் சைட்டேஷன். தமிழில் மேற்கோள். நானூறு சைட்டேஷன் என்றால், பின்னால் வந்த நானூறு கட்டுரைகள் அதைச் சுட்டியிருக்கின்றன என்று பொருள். பாராட்டிச் சுட்டினதா, திட்டிச் சுட்டினதா என்பது அந்த எண்ணில் இருக்காது. இதை மனசில் வச்சுக்கோங்க.

இதை முதலில் எண்ண ஆரம்பித்தவர்களுக்கு விஞ்ஞானிகளை வரிசைப்படுத்தும் எண்ணமே இல்லை. 1927ல் அமெரிக்காவின் போமோனா கல்லூரியில் கிராஸ், கிராஸ் என்று ரெண்டு பேர். அவங்க பிரச்சினை, நூலகத்துக்குக் காசு கம்மி, எந்த வேதியியல் இதழ்களை வாங்குறது என்பதுதான். அமெரிக்க வேதியியல் கழக இதழின் 1926ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்து, அதில் எந்தெந்த இதழ்கள் எத்தனை தடவை சுட்டப்பட்டிருக்குன்னு உக்காந்து எண்ணினார்கள். அதிகம் வந்ததை வாங்கு. அவ்வளவுதான். மளிகைக் கடைக்காரர் எந்தச் சரக்கு ஓடுதுன்னு பார்க்கிற மாதிரி.

அடுத்து வர்றவர்தான் நம்ம கதாநாயகன். யூஜின் கார்ஃபீல்டு. 1925ல் நியூயார்க்கில் பிறந்தவர், படிச்சது வேதியியல். 1951ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வெல்ச் மருத்துவ நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். குவியும் மருத்துவக் கட்டுரைகளை இயந்திரங்களின் உதவியோடு எப்படி அட்டவணைப்படுத்துவது என்பது அந்தத் திட்டம். அன்னைக்கு கூகுள் கிடையாது. ஒரு நோயைப் பற்றி இதுவரை என்ன எழுதியிருக்காங்கன்னு தேடவே வாரக்கணக்கில் ஆகும்.

1953ல் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வில்லியம் அடேர். ஷெப்பர்ட்ஸ் சைட்டேஷன்ஸ் என்ற நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அது மருத்துவ நிறுவனமில்லை, வக்கீல்களுக்கானது.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துறேன், ஏன்னா கதையின் மூலமே இதுதான்.

வக்கீல் நண்பர்கள் இருந்தா கேட்டுப் பாருங்க. ஒரு பழைய தீர்ப்பைக் காட்டி வாதாடப் போகும் முன் முதலில் பார்ப்பது, அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கா என்பதைத்தான். மேல் கோர்ட் அதை ரத்து செஞ்சிருக்கலாம், இன்னொரு நீதிபதி மாற்றிச் சொல்லியிருக்கலாம். அது தெரியாம கோர்ட்டில் போய் நின்னா மானம் போயிடும். இந்த வேலைக்காகத்தான் 1873ல் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர், எந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்பு சுட்டியிருக்கிறது, ஏற்றதா மறுத்ததா என்று குறிச்சு, பசை தடவின சீட்டாக அச்சடிச்சு விற்க ஆரம்பித்தார். வக்கீல்கள் அதைத் தங்கள் புத்தகத்தில் அந்தந்தத் தீர்ப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வார்கள். பின்னால் அதுவே பெரிய பெரிய தொகுதிகளாக வளர்ந்தது.

அடேர் எழுதினது இந்த முறையைப் பற்றித்தான். கார்ஃபீல்டு போய் அந்தப் புத்தகங்களைப் புரட்டினார். இதையே அறிவியலுக்கும் செஞ்சா என்ன?

1955 ஜூலையில் சயன்ஸ் இதழில் அவருடைய கட்டுரை வந்தது. அதில் அவர் சொன்ன முக்கியமான காரணம் என்ன தெரியுமா? தப்பான, அரைகுறையான, காலாவதியான ஆய்வுகளை ஆய்வாளர்கள் கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டுவதைக் குறைக்கணும். ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தா, பின்னால் வந்தவர்கள் அதை என்ன விமர்சனம் செய்தார்கள் என்று உடனே தேடிப் பார்க்க வழி வேணும். துறை தாண்டி யார் யார் அந்தக் கருத்தைக் கையில் எடுத்தார்கள் என்பதும் தெரியணும், ஏன்னா வேதியியலில் பிறந்த ஒரு யோசனை மருத்துவத்தில் போய்ப் பழுக்கலாம்.

அதாவது, எண்ணுவதற்கு அல்ல. போய்ப் படிப்பதற்கு. அது ஒரு வழிகாட்டிப் பலகை.

கையில் காசில்லாத மனுஷன். நியூ ஜெர்சியில் ஒரு பழைய கோழிக்கொட்டகையைச் சுத்தம் பண்ணி, அங்கிருந்துதான் ஆய்விதழ்களின் பொருளடக்கங்களைத் தொகுத்து விற்கும் தொழிலை நடத்தினார். நாலு வருஷமா அவருடைய சைட்டேஷன் யோசனையைப் பெருசா யாரும் கண்டுக்கலை. 1959ல் ஜோஷுவா லெடர்பெர்க்கிடமிருந்து ஒரு கடிதம். அதுக்கு முந்தின வருஷம்தான் 33 வயசில் மருத்துவ நோபல் வாங்கியவர். "நீங்க சொன்ன அந்த அட்டவணை என்ன ஆச்சு?" என்கிற ரீதியில் கேட்டிருந்தார். அதுக்கப்புறம் அரசு நிதி கிடைக்கவும் அவர் உதவினார். முதலில் மரபியலுக்கு மட்டும், பிறகு மொத்த அறிவியலுக்கும். 1961ஆம் ஆண்டின் 613 இதழ்களிலிருந்து ஏறத்தாழ 14 லட்சம் மேற்கோள்களோடு சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ் வெளிவந்தது.

நம்ம ஊர் சம்பந்தம் ஒண்ணு இருக்கு. நூலகத்தில் வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதையே ஒரு விதியாக வைத்தவர், சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன். 1984ல் கார்ஃபீல்டு தன் பத்தியில் அவருக்கு ஒரு புகழஞ்சலி எழுதினார். ரெண்டு பேரும் கவலைப்பட்டது தேடி வர்ற வாசகனைப் பற்றித்தான்.

சரி, வழிகாட்டிப் பலகை எப்படி மார்க் ஷீட் ஆச்சு?

தன் அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று கார்ஃபீல்டு முடிவெடுக்கணும். பெரிய இதழ்கள் நிறைய கட்டுரை போடும், அதனால் மொத்த மேற்கோளும் அதிகமா வரும். சின்ன இதழ்களுக்கு அநியாயம் ஆகக் கூடாதேன்னு, அவரும் இர்விங் ஷெர் என்பவரும் சேர்ந்து சராசரி பார்த்தார்கள். முந்தைய ரெண்டு வருஷக் கட்டுரைகளுக்கு இந்த வருஷம் கிடைத்த மேற்கோள்களை, அந்த ரெண்டு வருஷக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் இம்பாக்ட் ஃபேக்டர். இதழுக்காக உருவான கணக்கு. 1970களில் அது ஆண்டறிக்கையாக வர ஆரம்பித்ததும், உலகம் முழுக்க நிர்வாகிகள் அதை வச்சு மனுஷங்களை அளக்கத் தொடங்கினார்கள். வேலை, பதவி உயர்வு, நிதி எல்லாத்துக்கும். கார்ஃபீல்டே பின்னாளில் இதை அணுசக்தியோடு ஒப்பிட்டார். நல்லதுக்கும் ஆகும், கெட்டதுக்கும் ஆகும்.

2005ல் தனி மனுஷனுக்கென்றே ஒரு கணக்கு வந்தது. சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் கொண்டு வந்த ஹெச் இன்டெக்ஸ். ரொம்ப எளிது. ஒருத்தர் அஞ்சு கட்டுரை எழுதியிருக்கார், அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் 10, 8, 5, 4, 3 என்று வச்சுக்குவோம். குறைந்தது நாலு மேற்கோள் வாங்கின கட்டுரைகள் நாலு இருக்கு. அஞ்சு மேற்கோள் வாங்கின அஞ்சு கட்டுரை இல்லை. ஆக அவர் ஹெச் இன்டெக்ஸ் 4. (என்னுடையது பூஜ்ஜியம். எம்பிபிஎஸ் முடிச்சு நேரா டியூட்டிக்கு வந்தவன், சந்தேகம் வேண்டாம்.)

2020ல் ஹிர்ஷே, தன் அளவீடு மோசமாகத் தவறக்கூடும், நினைக்காத கெடுதல்களைச் செய்யும் என்று எழுதினார். கண்டுபிடித்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள் என்பதை கவனிங்க.

எங்கே தவறும்? முதலில் துறை. கணிதக்காரர் கட்டுரைக்குச் சுட்டுவது கொஞ்சம். உயிர் அறிவியலில் அம்பது, நூறு என்று போகும். ரெண்டு பேரையும் ஒரே தராசில் வைத்தால் கணிதக்காரர் எப்பவும் பஞ்சை.

அடுத்து கூட்டுக் கட்டுரைகள். ஹங்கேரியக் கணிதமேதை பால் எர்டிஷ் ஒரு சூட்கேஸோடு ஊர் ஊராய்ப் போய், 500 பேருக்கு மேல் சேர்ந்து 1,500 கட்டுரைகளுக்கு மேல் எழுதினார். அவரோடு எழுதியவருக்கு எண் 1, அவரோடு எழுதியவரோடு எழுதியவருக்கு எண் 2 என்று கணிதக்காரர்கள் ஜாலியாக உறவுமுறை பார்ப்பார்கள். அது ஒரு வகைக் கூட்டு. 2015ல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து ஒரு இயற்பியல் கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் அவர்களின் நிறுவனங்களும்தான். இதுவும் கூட்டுதான். அந்தக் கட்டுரைக்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேர் கணக்கிலும் முழுசா ஏறும்.

மூணாவது வகையை நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தப்பவே பார்த்துட்டேன். ஒரு கேஸ் ரிப்போர்ட் எழுதினோம். அந்த நோயாளியை வார்டில் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காத ஒருத்தர் பெயரும் ஆசிரியர் வரிசையில் இருந்தது. கேட்டா, "எல்லா இடத்திலும் இப்படித்தாம்ப்பா."

இதையெல்லாம் சரிக்கட்டத்தான் அந்த 2 சதவீதப் பட்டியல் முயற்சி செய்யுது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர் ஜான் அயோனிடிஸும் குழுவும் செய்வது. அறிவியலை 22 துறைகள், 174 உட்துறைகள் என்று பிரித்து, மொத்த மேற்கோள், ஹெச் இன்டெக்ஸ், கூட்டாசிரியர்களுக்குப் பங்கு பிரித்த ஹெச் இன்டெக்ஸ், தனியாகவோ முதல் ஆளாகவோ கடைசி ஆளாகவோ எழுதியதற்கு வந்த மேற்கோள் என்று ஆறு கணக்கைச் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். தன்னைத்தானே சுட்டிக்கிட்டதைக் கழித்தும் காட்டுகிறார்கள். அப்படிக் கழித்ததால்தான் 2019ல் ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. குறைந்தது 250 விஞ்ஞானிகளுக்கு, மொத்த மேற்கோளில் பாதிக்கு மேல் அவங்களும் அவங்க கூட்டாசிரியர்களும் போட்டுக்கிட்டது. நம்ம வீட்டு மொய்யை நாமே எழுதிக்கிற மாதிரி.

நேர்மையா சொல்லணும்னா, இருக்கிறதில் இது பரவாயில்லாத கணக்கு. ஆனா இதுவும் எண்ணுகிறது, படிக்கலை.

எண்ணினால் யார் முதலிடம்? 2014ல் நேச்சர் இதழ் கணக்குப் பார்த்தது. உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது ஆலிவர் லோரியின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை, 3 லட்சத்துக்கு மேல். ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்குன்னு அளக்கும் முறை, அவ்வளவுதான். சமையல் குறிப்பு மாதிரி, செய்தவர்கள் எல்லாரும் சுட்டினார்கள். லோரியே அது அப்படி ஒண்ணும் மகத்தான கட்டுரை இல்லைன்னு ஒத்துக்கிட்டவர். டிஎன்ஏவின் வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை முதல் நூறிலேயே இல்லை. பீட்டர் ஹிக்ஸ் 1964க்குப் பிறகு எழுதியது பத்துக் கட்டுரைகூட இல்லை. 2013ல் நோபல் வாங்கப் போகும்போது சொன்னார், இன்றைக்கு ஒரு பல்கலைக்கழகமும் தனக்கு வேலை தராது என்று.

இதெல்லாம் பேராசிரியர்களின் வயித்தெரிச்சல், நமக்கென்ன என்று தோணலாம். இனி வருவது நோயாளிகள் சம்பந்தப்பட்டது.

1980 ஜனவரி. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதி. ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற ரெண்டு பேர் பாஸ்டனிலிருந்து எழுதிய கடிதம். மொத்தமே ஐந்து வாக்கியம். ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனவர்களின் பதிவுகளைப் பார்த்தோம், மார்ஃபின் வகை மருந்து குறைந்தது ஒரு தடவையாவது வாங்கியவர்கள் 11,882 பேர், முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில் தெளிவாக அடிமையானவர்கள் 4 பேர்தான். இதுதான் சாரம்.

இதில் பொய் எதுவும் இல்லை. வார்டில் நர்ஸ் கையால், வலி இருக்கும் சில நாளைக்கு, கண்காணிப்பில் கொடுக்கிற மருந்து. அதுக்கு இது ஒரு சின்னத் தகவல். மாசக்கணக்கில் வீட்டில் வச்சு மாத்திரையாகச் சாப்பிடுகிறவர்களைப் பற்றி அந்தக் கடிதம் ஒரு வார்த்தைகூடச் சொல்லலை.

1990களின் நடுவில் ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரை அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. முதுகு வலி, மூட்டு வலின்னு நாள்பட்ட வலிக்கெல்லாம் எழுதலாம், அடிமையாவது அபூர்வம் என்று டாக்டர்களிடம் சொல்லணும். ஆதாரம் கேட்டால்? 1980, போர்ட்டர், ஜிக், நியூ இங்கிலாந்து ஜர்னல். பெரிய இதழ், கிட்ட நெருங்க முடியாத பெயர். ஒருத்தர் சுட்டினார், அவரைப் பார்த்து இன்னொருத்தர். கட்டுரைகளில், மாநாடுகளில், பாடங்களில். அந்தக் காலத்தில் ஒரு பழைய தொகுதியைத் தேடி எடுத்து, அது ஐந்து வாக்கியக் கடிதம்தான் என்று பார்க்க எத்தனை டாக்டர்களுக்கு நேரம் இருந்திருக்கும்? எனக்கு இருந்திருக்குமா? இருந்திருக்காது. ஓபி நாளில் இருநூறு பேர் பார்க்கிற எவருக்கும் இருக்காது.

2017ல் கனடா ஆய்வாளர்கள் ஒரு வேலை செஞ்சாங்க. கார்ஃபீல்டு ஆசைப்பட்ட வேலை. அந்தக் கடிதத்தைச் சுட்டிய அத்தனை கட்டுரைகளையும் எடுத்து ஒவ்வொன்றாகப் படிச்சாங்க. மொத்தம் 608. அதே இதழில் அதே காலத்தில் வந்த மற்ற கடிதங்களுக்கு நடுவாகக் கிடைத்தது 11 மேற்கோள்தான். இந்த 608ல் 439 கட்டுரைகள், அடிமையாவது அபூர்வம் என்பதற்கு ஆதாரமாக இதைக் காட்டின. 491 கட்டுரைகள், அவங்க எல்லாம் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனவர்கள் என்ற விஷயத்தையே சொல்லலை. ஐந்தில் நாலு பங்கு!

எண்ணிக்கையை மட்டும் பார்த்தா அது ஒரு மாபெரும் வெற்றிக் கடிதம்.

1999 முதல் 2019 வரை ஓபியாய்டு மிகை அளவால் அமெரிக்காவில் இறந்தவர்கள் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர். டாக்டர் சீட்டில் எழுதிய மாத்திரை, தெருவில் விற்கிற ஹெராயின், ஃபென்டனில் எல்லாம் சேர்த்து. அத்தனைக்கும் ஒரு கடிதம்தான் காரணம்னு சொன்னா அது பொய். விற்பனைத் தந்திரம், கட்டுப்பாட்டில் ஓட்டை, வறுமை எல்லாம் உண்டு. ஆனா "டாக்டர், பயப்படாம எழுதுங்க" என்ற அந்தத் தைரியத்துக்கு இந்தக் கடிதம் ஒரு முட்டுக்கொடுத்தது. ஜிக் பின்னாளில், தன் கடிதம் இப்படிப் பயன்பட்டதை நினைச்சுக் கூனிக் குறுகிப் போனதாகச் சொன்னார். இப்போ அந்த இதழின் இணையப் பக்கத்தில் கடிதத்துக்கு மேலே, இது அதிகமாகவும் ஆராயாமலும் சுட்டப்பட்டது என்று ஒரு எச்சரிக்கைக் குறிப்பு போட்டிருக்காங்க. 37 வருஷம் கழிச்சு. ஷெப்பர்ட் 1873லேயே ஒட்டின அதே சீட்டு!

சைட்டேஷனையே தூக்கிப் போடுன்னு நான் சொல்லலை. படிக்கத் தெரிந்தவர் கையில் அது என்ன செய்யும் என்பதற்கும் ஒரு கதை இருக்கு. குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாகும் ரேனாட் என்ற நோய். சிகாகோவில் டான் ஸ்வான்சன், இயற்பியல் படிச்சு நூலகவியலுக்கு வந்தவர். 1986ல் ரெண்டு குவியல் கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்தார். ஒண்ணு, மீன் எண்ணெய் ரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கும் என்கிறது. இன்னொண்ணு, ரேனாட் நோயாளிகளுக்கு ரத்தப் பிசுபிசுப்பு அதிகம் என்கிறது. ரெண்டு பக்கத்தாரும் ஒருத்தரை ஒருத்தர் சுட்டிக்கவே இல்லை. பக்கத்துப் பக்கத்து வீடு, பேச்சு வார்த்தை கிடையாது. அப்போ மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவலாமே என்று எழுதினார். 1989ல் ஒரு சின்ன மருத்துவ ஆய்வு அதுக்கு ஆதரவாகவே வந்தது. அவருக்கு வழி காட்டியது மேற்கோள்களின் எண்ணிக்கை இல்லை, அவை இல்லாத இடம்.

வியாழக்கிழமை சொன்னபடி அந்தத் தம்பி அப்பாவோடு வந்தார். கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையை எடுத்து, கீழே எத்தனை பேர் சுட்டினார்கள் என்று காட்டும் இடத்தை அழுத்தச் சொன்னேன். உங்க போனிலும் அது இலவசம்தான். நானூறு தலைப்பு வரிசையா வந்தது. முதல் பத்தைத் திறந்தோம். ஆறு, எலிகளில் செய்தவை. ரெண்டு, அதே ஆசிரியர்கள் எழுதியவை. ஒண்ணு, மூலிகைகளைப் பற்றிய பொதுவான தொகுப்பு. மனிதர்களில் செய்தது ஒண்ணே ஒண்ணு. அதில் அந்த கேப்சூலுக்கும் வெறும் மாத்திரைக்கும் சர்க்கரை அளவில் வித்தியாசம் தெரியலைன்னு எழுதியிருந்தது. அதுவும் நானூறில் ஒண்ணாகச் சேர்ந்திருந்தது.

தம்பி கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கிட்டு இருந்தார். "எதிரா எழுதினதையும் சேர்த்துத்தான் எண்ணுவாங்களா சார்?"

"ஆமா தம்பி."

பக்கத்தில் இதுவரை பேசாமல் இருந்த அப்பா, சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார். "அப்ப இதைக் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, பழையபடியே போடலாம்ல சார்?"

போடுங்க ஐயா என்றேன். மூணு மாச சராசரிச் சர்க்கரை டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். அடுத்த மாசம் ரிசல்ட்டோடு வரச் சொல்லியிருக்கேன்.